ஞாயிறு, நாலரை முதல் ஆறு வரை

நவம்பர் 3, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டை ஹோட்டல் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம், தினமும் கற்றுக்கொண்ட ஒன்றை இதில் எழுத வேண்டுமாம். நாலு மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை. இன்று நாதீன் “உன் குறிப்பேடு எங்கே?” என்று கேட்டுவிட்டாள். ஆகவே இன்று முதல் கற்றுக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் அவளால் படிக்க முடியாது என்பது முதல் பாடம்.

நாதீன் எங்கள் மேலாளர், லெபனான்காரி. நான் அறிவுக்கொடி. முப்பத்தைந்து வயது, ஊர் மன்னார்குடி. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் மட்டும் ‘ஆரி’. முழுப்பெயரைப் போட்டால் விருந்தினர் அதை உச்சரித்து முடிப்பதற்குள் சூப் ஆறிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

துபாயில், கடலைப் பார்த்து நிற்கும் இந்த ஹோட்டலின் நாற்பத்து நாலாம் மாடியில் ‘சஹாப்’ என்று ஓர் உணவகம் இருக்கிறது. சஹாப் என்றால் மேகம். அங்கே விசேஷங்களுக்கு மேஜை வேண்டும் என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுப்பவள் நான். பிறந்தநாள், மணநாள், முழங்கால் போட்டு மோதிரம் நீட்டிக் கல்யாணம் கேட்பது, எல்லாம் என் கணக்கில் வரும். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். புன்னகை குரலில் கேட்க வேண்டும் என்பதற்காக மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பேச வேண்டும்.

“அங்கிருந்து சூரியன் மறைவது எப்படித் தெரியும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல இருக்கும், மேடம்” என்கிறேன். நான் உட்கார்ந்திருப்பது தரைக்குக் கீழே இரண்டாம் தளம். எனக்குத் தெரிவது சலவை அறையில் சுற்றும் துண்டுகள்.

டிசம்பர் 31-இல் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகும், அல்லது மன்னார்குடிக்கு விமானம். மன்னார்குடியில் எனக்கு என்ன குறை என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை. ஊரில் அத்தனை பேருக்கும் என் கதை தெரியும், அவ்வளவுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

“ஜன்னலோரமாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், ஆனால் கலகலப்பாக” ஒரு மேஜை கேட்டார் ஒருவர். சிரிக்கக் கூடாது என்று கற்றேன். கண்ணாடியைப் பார்த்து ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கிளாஸ்கோவிலிருந்து ஒருவர். அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு மேஜை வேண்டும். தோழியிடம் கல்யாணம் கேட்கப்போகிறார். குரலே நடுங்கியது. நல்ல மனிதர்போலத் தெரிந்தது.

“மன்னிக்க வேண்டும் சார், ஐந்து மணிக்கு நிரம்பிவிட்டது. ஆறேகாலுக்கு அருமையான மேஜை இருக்கிறது” என்றேன்.

“சூரியன் மறைந்துவிடுமே?”

“மறைந்த பிறகு வரும் வெளிச்சத்தில்தான் சார் முகம் அழகாக விழும். ஐந்து மணிக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். உங்கள் தோழியின் கண் கூசியதை நீங்கள் தயக்கம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.”

அவர் நன்றி சொல்லி ஆறேகாலுக்கு ஒப்புக்கொண்டார். திரையில் ஐந்து மணிக்கு மூன்று ஜன்னல் மேஜைகள் காலியாக இருந்தன. இருக்கட்டும். விருந்தினர் நலன் என்று ஒன்று இருக்கிறது.

பிறந்தநாள் என்றால் நான் நேரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிறந்தது பிறந்தாகிவிட்டது. இனிமேல் ஆக வேண்டிய காரியம் என்றால் மட்டும்தான் கொஞ்சம் யோசிக்கிறேன். சஹாப் திறப்பதே மாலை நாலரைக்கு என்பதால் வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் சிக்கல்.

நவம்பர் 14, வியாழன்

ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன். எனக்கு இராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. என் அப்பா எழிலரசன் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். நாற்பது வருடமாகக் கறுப்புச் சட்டை போட்டு, மேடை மேடையாக மூடநம்பிக்கையைக் கிழித்தவர். அப்படிப்பட்டவருடைய மகள் நான்.

எங்கள் அறையில் தொங்கும் தாள் கிழிக்கும் காலண்டர் என்னுடையதல்ல. அறைத்தோழி பிலோமினாவுடையது. அவர் தூத்துக்குடிக்காரர், இதே ஹோட்டலில் அறைகளைச் சுத்தம்செய்யும் பிரிவில் இருக்கிறார். துபாயின் கராமா பகுதியில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். மாதாவின் திருநாட்களுக்காக மாட்டியிருக்கிறார். அதன் அடியில் இராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருக்கிறது. கண் இருந்தால் படத்தானே செய்யும்.

இன்று காலை பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி கொடி, காலண்டர்ல என்னட்டி தேடுத?”

“தேதி பார்த்தேன், பிலோக்கா.”

“தேதி மேலல்லா இருக்கு. நீ கீழ குனிஞ்சு பாக்க?”

“எழுத்து சின்னதா இருக்கு.”

“ஒங்கப்பா கறுப்புச் சட்டைக்காரரு. மவ என் காலண்டர்ல எமகண்டம் பாக்கா. நான் மாதாகிட்ட சொல்லி ஒனக்காவ ஒரு செபம் வைக்கட்டுமா?”

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

இந்தியாவில் நாலரை ஆகும்போது இங்கே மூன்று மணிதான். இராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பார் என்று ஒரு சந்தேகம் வந்தது. உள்ளூர் நேரம்தான் என்று முடிவு செய்தேன். நம்பாதவளுக்கு இது எதற்கு என்று கேட்டால், பொது அறிவு.

நவம்பர் 25, திங்கள்

நாதீன் அறிக்கையோடு வந்தாள். ஊரிலேயே பெயர்பெற்ற அஸ்தமனம் எங்களுடையது. குளிர்காலத்தில் சூரியன் மறைவது ஐந்தரையை ஒட்டி. ஆனால் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ஒருவர்கூடக் கல்யாணம் கேட்கவில்லை. சனிக்கிழமை கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆறேகாலுக்குக் கேட்கிறார்கள்.

“மனிதர்கள் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள். இதில் ஏதோ காரணம் இருக்கிறது” என்றாள்.

வெயில் கூச்சமாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒரு மெல்லிய தாள் ஒட்டப்போகிறார்கள். பூங்கொத்தின் வாசனை காரணமாக இருக்கலாம் என்று லில்லியை நீக்கி ரோஜா வைக்கப்போகிறார்கள். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். “ஞாயிறு மாலை மனசு கொஞ்சம் சோர்ந்திருக்கும் மேடம், மறுநாள் அலுவலகம் அல்லவா” என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று எழுத ஆசைதான்.

நீண்ட விடுமுறை வாரம். ஐந்து மணிக்கு வேண்டும் என்று கேட்ட நாலு பேரையும் நான் ஆறேகாலுக்குத் தள்ளியிருந்தேன். நாலு பேரும் ஜன்னலோரம், வரிசையாக. நாலு பேருக்கும் வயலின் உண்டு. வயலின்காரர் ஒருவர்தான்.

மேலே இருந்த பரிமாறுபவர்கள் சொன்னது: ஆறு இருபதுக்கு முதல் ஆள் முழங்கால் போட்டார். அதைப் பார்த்து இரண்டாமவருக்குப் பதற்றம் வந்து அவரும் போட்டார். மூன்றாமவர், நாலாமவர், எல்லோரும் ஏதோ பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்புபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே. வயலின்காரர் ஒரு மேஜைக்கு நாலு வரி வாசித்துவிட்டு அடுத்த மேஜைக்கு ஓடினார். மூன்று பெண்கள் அழுதார்கள். நாலாவது பெண், இது ஹோட்டல் நடத்தும் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினாள். தன் ஆளும் கீழே இருப்பதை அப்புறம்தான் பார்த்தாளாம்.

நாலு பேரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பார்த்தீர்களா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது?

டிசம்பர் 3, செவ்வாய்

வயலின்காரர் புகார் கொடுத்துவிட்டார். நாதீன் ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு அழைப்புகளின் ஒலிப்பதிவை எல்லாம் கேட்கப்போகிறாளாம். எங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்பதை விருந்தினருக்குத் தினமும் நாற்பது முறை நானே சொல்கிறேன். எனக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

நாதீன் கதவைச் சாத்திவிட்டு ஐந்து அழைப்புகளைப் போட்டுக் காட்டினாள். ஐந்திலும் நான் பொய் சொன்னேன். பக்கத்தில் காலி மேஜைகளின் பட்டியலையும் வைத்திருந்தாள். என் பொய் எத்தனை இனிமையாக இருக்கிறது என்று எனக்கே வியப்பு. அந்தக் கண்ணாடி வேலை செய்கிறது.

“ஏன்?” என்றாள்.

சொல்லிவிட்டேன். இராகு என்று ஒரு பாம்பு, சூரியனை விழுங்கும், தினமும் ஒன்றரை மணி நேரம் அதனுடையது, அந்த நேரத்தில் நல்ல காரியம் தொடங்கினால் விளங்காது.

“தினமுமா?”

“தினமும். கிழமைக்குக் கிழமை நேரம் மாறும்.”

“அப்புறம் உங்கள் ஊரில் எப்படித்தான் வேலை நடக்கிறது?”

“மீதி நேரத்தில்.”

“நீ இதை நம்புகிறாயா?”

“இல்லை.”

அவள் ஒலிப்பதிவை நிறுத்தினாள். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “ஆரி, என்னிடம் இருப்பவர்களில் நீதான் நன்றாகப் பேசுகிறவள். ஆனால் விருந்தினரிடம் பொய் சொல்கிறவளை நான் நிரந்தரமாக்க முடியாது” என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். டிசம்பர் 22, ஞாயிறு. நாலரை முதல் ஆறுக்குள் நான் பதிவு செய்த மூன்று கொண்டாட்டங்கள் நடக்க வேண்டும். பிறந்தநாள் கணக்கில் சேராது. மூன்று நடந்தால் வேலை, இல்லையென்றால் விமானச்சீட்டு.

ஐந்து மணிக்கு மேஜை வேண்டுமென்று ஊரே தவம் கிடக்கிறது. ‘சரி’ என்று சொன்னால் போதும். உலகத்தில் இவ்வளவு சுலபமான பரீட்சையை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஆறேகாலுக்குப் போனார்கள். ‘சரி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

ஒரு பையன் கூப்பிட்டான். தென்கொரியா என்று நினைக்கிறேன். காதலியை ஏழு வருடமாகத் தெரியுமாம். 22-ஆம் தேதி ஐந்து மணி கேட்டான். பதிவு செய்தேன். பத்து நிமிடம் கழித்து நானே அவனைக் கூப்பிட்டு, “ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது” என்று ஆறேகாலுக்கு மாற்றினேன். ஏழு வருடம். நான் எப்படிச் செய்வேன்?

பிலோக்காவிடம் சொன்னேன். “ஏட்டி, முட்டாப்பய மவளே, அவன் கலியாணத்துக்கு நீ காவலா? ஒன் சோலி போவப் போவுது” என்று கத்திவிட்டு, ஒரு தட்டில் மீன் குழம்பும் சோறும் வைத்து என் பக்கம் தள்ளினார்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று எனக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினால் எனக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். எதிர்பார்த்தபடியே தொடங்கினார்.

“ராகுங்கறது ஒரு கோளே இல்லம்மா. நிலாவோட பாதையும் சூரியனோட பாதையும் வெட்டிக்கிற வெறும் புள்ளி. ஒரு புள்ளிக்கு பயப்படுற பொண்ணா நீ?”

“ஆமாப்பா. பயம்தான்.”

“என்னது?”

“என் கல்யாணத்துக்கு அப்புறம் பயம்தான். நீங்கதானே பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டீங்க, ஞாயிறு மாலை இராகு காலத்தில்னு. அது பதினாலு மாசத்துல முடிஞ்சுபோச்சு. இன்னொருத்தருக்கு அந்த நேரத்தை எழுதிக் குடுக்க எனக்குக் கை வரலப்பா.”

எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆறு வருடமாக இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அப்பா இருமினார்.

“கொடி. அது ராகு காலத்துல நடக்கலம்மா.”

“என்னப்பா சொல்றீங்க?”

“தலைமை தாங்க வந்தவரு அம்பது நிமிஷம் பேசிட்டாரு. பெண் விடுதலையப் பத்தி.”

“தெரியும். அந்த அம்பது நிமிஷமும் மாலையக் கையில வச்சிக்கிட்டு நான்தானே நின்னேன்.”

“அவருக்கு முன்னாடி எட்டு பேரு வாழ்த்துரை. மாலை மாத்தும்போது என் கைக்கடிகாரத்துல ஆறு பதினொன்னு.”

“மண்டபத்துக் கடிகாரத்துல ஆறு ஆகலையே? எல்லாரும் அதக் காட்டிக் கைதட்டினாங்களே?”

“அத நான்தான் இருவது நிமிஷம் பின்னாடி தள்ளி வச்சேன். எட்டாவது ஆளு பேசுறப்ப, மின்விசிறி சுவிட்ச் போடுற மாதிரி போயி.”

நல்ல நேரம் தவறக் கூடாது என்று கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் ஆட்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கெட்ட நேரம் தவறக் கூடாது என்று திருப்பி வைத்தவர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

“ஏம்பா இத்தனை வருஷமா சொல்லல?”

“ராகு காலத்துல கட்டிவச்சான், அதான் பொண்ணு வாழ்க்கை போச்சுன்னு கடைத்தெருவெல்லாம் பேசுனாங்க. மேடை போட்டு பதில் சொன்னேன். கடிகாரத்தச் சொல்லியிருந்தா வாதத்துல ஜெயிச்சிருப்பேன். ஆனா நான் பொய்யனாயிடுவேனே. நீ இப்படி மனசுல வச்சிருப்பன்னு தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். மன்னிச்சிக்க.”

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். எதற்கென்று புரியாமல் அவரும் சிரித்தார்.

சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். இராகு இல்லை என்றால் மீதி இருப்பது யார்? மதியழகன், என் கணவனாக இருந்தவன். அவனுக்குக் கோபம் வந்தால் என்னிடம் பேச மாட்டான், சுவரிடம் பேசுவான். “இந்த வீட்டுல ஒரு வாய் காபி கெடைக்குமான்னு தெரியல” என்று சுவரைக் கேட்பான். சுவருக்குப் பதிலாக நான் காபி கொண்டுபோவேன். பதினாலு மாதத்தில் ஒன்பது மாதம் சுவர்தான் அவனுக்குக் குடும்பம். நான் என்ன தப்புச் செய்தேன் என்று அந்த ஒன்பது மாதமும் தேடினேன். கிடைக்காததால் வானத்தில் போய்த் தேடியிருக்கிறேன். பாவம், அந்த இராகு. அது முழுக்க முழுக்க மதியழகனின் சொந்தச் சாதனை.

டிசம்பர் 18, புதன்

காலை: பிரேசில்காரர், 22-ஆம் தேதி, நாலே முக்கால். சரி என்றேன். ஒன்றும் ஆகவில்லை.

மாலை: எகிப்தியப் பல்மருத்துவர், ஐந்து மணி. சரி என்றேன். கண்ணாடியில் சிரிக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

மூன்றாவதும் ஆயிற்று, ஐந்து பத்துக்கு. இந்த ஆள் பேச்சின் நடுவே மூன்று முறை என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வேறு யாருடனோ வியாபாரம் பேசினார். பெண்ணுக்கு என்ன பூ பிடிக்கும் என்று கேட்டேன். “எதையாவது வையுங்கள்” என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாலரையிலிருந்து நாதீன் என் பக்கத்திலேயே இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது.

பிரேசில்காரர்: சம்மதம். பெண் மேஜையைச் சுற்றி ஆடினாளாம்.

பல்மருத்துவர்: சம்மதம். அவர்தான் அழுதாராம்.

ஐந்து நாற்பத்தைந்துக்கு மூன்றாவது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முழங்கால் போட்டிருக்கும்போதே அந்த ஆளுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, எடுத்துப் பேசியிருக்கிறார். பேசி முடித்து நிமிர்ந்தபோது பதில் தயாராக இருந்ததாம். அவர் கிளம்பிப் போய்விட்டார். வயலின்காரர் மட்டும் வில்லைத் தூக்கியபடி அங்கேயே நிற்கிறார், வாசிப்பதா வேண்டாமா என்று கேட்கச் சொன்னார்.

நாதீன் திரையில் அந்த மூன்றாவது மோதிரக் குறியை நீக்கினாள். “இரண்டு” என்றாள். அவளுக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. ஐந்து ஐம்பது. இனி பத்து நிமிடத்தில் யார் வந்து கல்யாணம் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இராகு என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் பதினாலு மாதம் எடுத்துக்கொண்டதை அவள் ஒரு தொலைபேசி அழைப்புக்குள் முடித்துவிட்டாள்.

மணி அடித்தது. எடுத்தேன்.

“நான் உங்கள் உணவகத்தில்தான் இருக்கிறேன்” என்றது ஒரு பெண் குரல், மிகவும் தாழ்வாக. “கழிவறையில் நின்று பேசுகிறேன். எனக்குப் பசிக்கிறது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஒருவருக்கு ஒரு மேஜை கிடைக்குமா? அந்தப் பழைய மேஜை வேண்டாம்.”

“எத்தனை மணிக்கு, மேடம்?”

“இப்போது. முடியாதென்றால் சொல்லுங்கள், போய்விடுகிறேன்.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

“இப்போதே இருக்கிறது, மேடம். ஜன்னலோரம், நாலாவது மேஜை. நீங்கள் வெளியே வருவதற்குள் தயாராக இருக்கும்” என்றேன். உடனே அடுத்த கேள்வியைக் கேட்டேன். யார் கூப்பிட்டாலும் கேட்டாக வேண்டிய கேள்வி அது. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். “இன்று ஏதாவது விசேஷம் உண்டா?”

அந்தப் பக்கம் சிரிப்பு, முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு.

“உண்டு. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.”

திரையில் பிறந்தநாள், மணநாள், திருமண வேண்டுகோள், மற்ற கொண்டாட்டம் என்று நாலு கட்டங்கள். நான் கையை வைக்கத் தயங்கினேன். நாதீன் குறுக்கே கையை நீட்டி நாலாவது கட்டத்தைத் தானே அழுத்தினாள். எண்ணிக்கை மூன்று ஆனது. “நாளை காலை பத்து மணிக்கு என் அறைக்கு வா, கையெழுத்துப் போட வேண்டும்” என்று ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

நான் அழைப்புக்குத் திரும்பினேன்.

“மேடம், கொண்டாட்டம் என்றால் ஹோட்டல் சார்பில் ஒரு கேக் தருவோம். சாக்லேட் பிடிக்குமா?”

“மிகவும்.”

“அதன்மேல் என்ன எழுதட்டும்?”

ஒன்றும் வேண்டாம் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “என் பெயரை மட்டும் எழுதுங்கள்” என்றாள். “ஹானா.”

சமையலறையைக் கூப்பிட்டு நாலாவது மேஜைக்கு ஒரு சாக்லேட் கேக் சொன்னேன். ஒரே ஒரு பெயர்தானா, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட வேண்டாமா என்று கேட்டார்கள். வேண்டாம், நடுவில் பெரிதாக எழுதுங்கள் என்றேன்.